தோல் பதனிடும் கடுக்காயை அப்பாவுக்குத் தரலாமா?

குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"அப்பாவுக்கு வயது 63. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு மாதமாக மலச்சிக்கல். அதற்கு முன் அந்தத் தொல்லையே கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஹீமோகுளோபின் 8.9 என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். தம்பி ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு கிலோ கடுக்காய் வாங்கி வந்தான். இரும்பு உரலில் கொட்டையோடு இடித்தோம். பொடி மை மாதிரி கறுத்துவிட்டது. ஆறு வாரமாகத் தினமும் ராத்திரி ஒரு மேசைக்கரண்டி பொடியை வெந்நீரில் கலந்து கொடுக்கிறோம், இரும்பு மாத்திரையும் அதே தண்ணீரில்தான். இரண்டு நாள் பேதியாகிறது, வயிறு முறுக்குகிறது, மூன்றாம் நாள் மறுபடி சிக்கல். போன வாரம் ரத்தம் பார்த்தால் 9.0தான். 'தோலுக்குப் போட்ட காயை என் வயித்துக்குள்ள போடுறீங்களே, குடலும் தோல் மாதிரி ஆயிடாதா?' என்று அப்பா கேட்கிறார். அவர் காலில் ஒரு சின்னப் புண் இருக்கிறது. அதில் கடுக்காய்ப் பொடி தூவலாம் என்கிறார் அம்மா. மீதிக் காயில் நாலைந்தைக் கிணற்றோரம் ஊன்றினேன், ஒன்றும் முளைக்கவில்லை. வழி சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

இன்று ராத்திரியே கடுக்காய்ப் பொடியை நிறுத்திவிடுங்கள். கடுக்காய் கெட்ட மருந்து என்பதற்காக இல்லை. சித்த மருத்துவத்தில் இதைவிட உயர்த்திப் பேசப்பட்ட காய் அதிகம் இல்லை. ஆனால் உங்கள் அப்பாவின் வயது, புதிதாக வந்த மலச்சிக்கல், ரத்தக் குறைவு, இந்த மூன்றும் ஒன்றாக வந்திருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எந்தச் சூரணமும் கொடுக்குமுன் காரணத்தைக் கண்டாக வேண்டும்.

அறுபது வயதைக் கடந்த ஆணுக்கு ரத்தம் குறைந்தால், சாப்பாட்டில் சத்து இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெண்களுக்கு மாதவிலக்கில் ரத்தம் போகிறது, பிரசவம் இருக்கிறது. ஆணுக்கு அப்படி வெளியே போகும் வழி எதுவும் இல்லை. ஆகவே இரும்புச்சத்து குறைகிறது என்றால் இரைப்பையிலோ குடலிலோ கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதுதான் முறை. வயிற்றுப்புண், மூலம், குடலில் சதை வளர்ச்சி, குடல் புற்று என்று காரணம் பலவாக இருக்கலாம். அதோடு, இத்தனை வருடம் சரியாக இருந்த மலப்போக்கு நான்கு மாதத்தில் மாறியிருக்கிறது. இப்படி எழுதுவதால் புற்றுதான் என்று பயந்துவிடாதீர்கள், பலருக்கு மூலமோ வயிற்றுப்புண்ணோதான் இருக்கும். ஆனால் பெருங்குடல் புற்றாக இருந்துவிட்டால், ஆரம்பத்தில் கண்டதற்கும் ஆறு மாதம் கழித்துக் கண்டதற்கும் உள்ள வித்தியாசம் உயிர்தான். கடுக்காய் இரண்டு நாள் வயிற்றைக் கழித்துவிடும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும், அதற்குள் காலம் ஓடிவிடும். எனக்குள்ள கவலை அதுதான்.

இந்த வாரத்துக்குள் அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டுவது), பி12, தைராய்டு ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மலத்தில் மறைந்த ரத்தம் இருக்கிறதா என்ற பரிசோதனையும் வேண்டும். அது இல்லை என்று வந்தாலும், இரும்புச்சத்துக் குறைவு உறுதியானால், இந்த வயதில் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் பரிசோதனையை, இரைப்பைக்கு எண்டோஸ்கோபியும் பெருங்குடலுக்குக் கொலோனோஸ்கோபியுமாக, செய்து பார்ப்பதே சரி. கசிவு தினமும் இருப்பதில்லை. ஒரு நாள் மலத்தில் இல்லை என்பதால் குடலில் இல்லை என்று ஆகிவிடாது. வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனைக்காக வெளியூர் போகவேண்டிய தேவை இல்லை. போகும்போது இரும்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை, கடுக்காய்ப் பொடி, இவற்றை எத்தனை நாளாக, எவ்வளவு, எந்த வேளையில் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நாட்டு மருந்தைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் அவருடைய கணக்குத் தப்பும், நஷ்டம் அப்பாவுக்கு.

பி12 ஏன் என்று கேட்பீர்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு பி12 குறையும், அதனாலும் ரத்தம் குறையும். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போவது சகஜம். ஆனால் தார் போலப் பளபளப்பாக, ஒட்டிக்கொண்டு, கடுமையான நாற்றத்தோடு போனால் அது ரத்தம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் நின்றுவிட்டால் கடுக்காயோ விளக்கெண்ணெயோ எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். அடைப்பு இருக்கும்போது பேதி மருந்து கொடுப்பது ஆபத்து.

இனி, ஹீமோகுளோபின் ஏன் ஏறவில்லை என்பதற்கு வருகிறேன். இரும்பு மாத்திரை உடம்பில் சேர்ந்தால் ஒரு மாதத்தில் 1 முதல் 2 கிராம் வரை ஏறியிருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் 0.1 ஏறியிருக்கிறது என்றால் ஏறவே இல்லை என்றுதான் பொருள். உள்ளே கசிவு தொடரலாம், அல்லது குறை இரும்பில் இல்லாமல் பி12இல் இருக்கலாம். மூன்றாவது காரணத்தை உங்கள் வீட்டு இரும்பு உரல் ஏற்கெனவே காட்டிவிட்டது.

கடுக்காயின் சதையில் துவர்ப்புப் பொருளான டானின் நிறைய இருக்கிறது. காயைப் பொறுத்துக் கூடக்குறைய இருந்தாலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். டானின் இரும்பைத் தொட்டால் இரண்டும் பிணைந்து கருநீலமாகிவிடும். அந்தக் காலத்தில் கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதி கலந்து எழுதும் மை செய்தது இப்படித்தான். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. உங்கள் உரலில் நடந்ததும் அதுவே. பொடி கெட்டுப்போகவில்லை, மையாகிவிட்டது. இரும்பு மாத்திரையில் இருப்பதும் இரும்பு உப்புதானே? அதையும் கடுக்காயையும் ஒரே தண்ணீரில் கொடுத்தால் உரலில் ஆனது வயிற்றிலும் ஆகும். பிணைந்த இரும்பைக் குடல் எடுத்துக்கொள்ளாது, அப்படியே மலத்தோடு போய்விடும். ஆறு வாரமாக நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மாத்திரையின் பெரும்பகுதி அப்படித்தான் போயிருக்கும். டீயும் காபியும் இதே வேலையைக் கொஞ்சம் குறைவாகச் செய்யும், ஆகவே இரும்பு மாத்திரையை அவற்றோடும் தரக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில், சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீரில் தருவது நல்லது. வயிறு குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு தரலாம். மலச்சிக்கலுக்கு அந்த மாத்திரையே ஒரு காரணமாகவும் இருக்கலாம். சிக்கல் மாத்திரைக்கு முன்பே தொடங்கிவிட்டது, ஆனால் மாத்திரை அதை அதிகமாக்கியிருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தரலாமா, வேறு வகைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அப்பாவின் கேள்வி அருமையான கேள்வி. முப்பது வருடம் தோலைக் கையில் பிடித்தவருக்கே வரக்கூடிய கேள்வி அது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் குரோமியம் வருவதற்கு முன் தோலைப் பதனிட்டது மரப்பட்டையும் காயும்தான். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். அதைக் கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டெடுத்தால் நிறம் நிற்கும், தோலுக்குக் கனமும் வரும். டானின் தோலிலுள்ள புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடுவதால் அது அழுகாது, தண்ணீரில் ஊதாது.

அப்படியானால் குடலையும் கட்டிவிடாதா? தொட்டிக்குப் போகிற தோல் உயிரில்லாதது. சுண்ணாம்பில் ஊறி, முடி உதிர்ந்து, சவ்வு சுரண்டப்பட்டு, புரதம் வெறுமனே வெளியே நிற்கிறது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் கெட்டிச் சாற்றிலேயே கிடக்கிறது. குடலோ உயிருள்ளது. அதன் உட்பரப்பின் மேல் வழவழப்பான சளிப்படலம் எப்போதும் சுரந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பரப்பிலுள்ள செல்களும் நாலைந்து நாளுக்கொருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. 3 கிராம் பொடியில் உள்ள டானின் ஒரு கிராம் அளவுதான், அதுவும் சாப்பாட்டோடு கலந்து நகர்ந்துகொண்டே போகிறது. ஆகவே குடல் தோலாகாது என்று அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் அவர் பயந்ததில் ஓர் உண்மையும் இருக்கிறது. காயின் குணம் தொட்டியிலும் வாயிலும் ஒன்றேதான். ஈறில் ரத்தம் வடிந்தால் கடுக்காய்த் தண்ணீர் கொப்பளித்தால் நிற்கிறதே, அது ஈறின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை டானின் இறுக்குவதால். பேதியில் வறுத்த கடுக்காய் பயன்படுவதும் அதே இறுக்கத்தால். அளவு மீறினால் இந்தக் குணமே வயிற்றை முறுக்கும், பசியைக் கெடுக்கும், சாப்பாட்டிலுள்ள இரும்பையும் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரு மேசைக்கரண்டி பொடி 8 கிராமுக்குக் குறையாது. ஒரு வேளைக்குக் கொடுக்கவேண்டியதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுத்திருக்கிறீர்கள். முதலில் பேதியாகி, பிறகு துவர்ப்பு மிஞ்சி மறுபடி கட்டிக்கொள்வது அதனால்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டுகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிற சுழல் இது. பேதி ஆன நாளில் அப்பாவுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்தீர்களா? 63 வயதில், சர்க்கரை நோயோடு, நீர் வற்றுவது சிறுநீரகத்துக்கு ஆகாது.

டேனரிக் காயும் மருந்துக் காயும் ஒரே மரத்துக் காய்தான். ஆனால் டேனரிக்கென்று சாக்கில் வந்து குடோனில் கிடக்கும் காயை வாயில் வைக்க வேண்டாம். அங்கே காயின் டானினைப் பார்ப்பார்களே தவிர பூஞ்சையையும் எலிப் புழுக்கையையும் பார்க்கமாட்டார்கள்.

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் என்று கேட்டால் மூன்று பொருள் வரக்கூடும். முற்றி மஞ்சளும் பழுப்புமாக, நீளவாக்கில் ஐந்து வரம்பு ஓடியிருப்பது கடுக்காய். சிறியதாக, கறுத்துச் சுருங்கி, உள்ளே கெட்டிக் கொட்டை கட்டாமல் இருப்பது பிஞ்சுக் கடுக்காய். மலத்தை இளக்குவதில் இதற்குத்தான் வேகம் அதிகம். கடுக்காய்ப் பூ என்று விற்பது பூவே அல்ல. இலையில் பூச்சி முட்டையிட, அந்த இடம் வீங்கிக் கட்டிய புடைப்பு. அது துவர்ப்பு மிகுந்தது, பேதியைக் கட்டுவதற்கு உரியது. மலச்சிக்கலுக்கு அதை வாங்கிக் கொடுத்தால் நேர் எதிராக முடியும். உருண்டையாக, சாம்பல் படிந்த வெல்வெட்டு போன்ற தோலோடு இருப்பது தான்றிக்காய். திரிபலாவில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் சேரும், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. மாசிக்காயையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது இந்த மரத்திலேயே விளைவதில்லை.

கொட்டையோடு இடித்தது இன்னொரு தவறு. "கடுக்காய்க்கு அகணி நஞ்சு, சுக்குக்குப் புறணி நஞ்சு" என்று நம் வீடுகளில் சொல்லிவந்தது இதற்குத்தான். அகணி என்றால் உள்ளே இருப்பது, புறணி என்றால் மேல்தோல். தின்றவுடன் உயிர் போகும் நஞ்சு என்று அர்த்தம் இல்லை, மருந்துக்கு ஆகாத பகுதி என்று அர்த்தம். கொட்டை ஓடு மரக்கட்டைக்குச் சமம். எத்தனை சலித்தாலும் நெறுநெறுவென்று நிற்கும், குடலை உறுத்தும், பொடியின் அளவையும் பொய்யாக்கும்.

இப்போது இடித்து வைத்திருக்கிற கறுத்த பொடியை இனி உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம். வீணாக்கவும் வேண்டாம். மெல்லிய துணியில் சலித்து மருதாணியோடு குழைத்தால் நரைக்கு நல்ல கருமை கொடுக்கும். இதற்கு மட்டும் இரும்புச் சட்டிதான் பொருத்தம்.

பரிசோதனை எல்லாம் முடிந்து, குடலில் கோளாறு இல்லை, கடுக்காய் தரலாம் என்று டாக்டரும் சித்த மருத்துவரும் சொன்னால், புதிதாக இப்படிச் செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் சித்தப் பிரிவு இருக்கிறது, நாடி பார்த்து அளவு சொல்வார்கள்.

காயைக் கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்குவது நல்ல காய், மிதப்பது உள்ளே பூச்சி அரித்ததாகவோ வற்றியதாகவோ இருக்கும். ஓட்டை விழுந்ததையும், வெள்ளைப் பூசணம் படர்ந்ததையும் தயங்காமல் எறிந்துவிடுங்கள். பூசணத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறு, விஷம் உள்ளேயே இருக்கும். நல்ல காயைக் கழுவி, அரிசி கழுவின கழுநீரில் ஒரு ராத்திரி ஊறவைப்பது சித்த முறைச் சுத்திகரிப்பு. ஊறினால் சதை இளகிக் கொட்டையை விட்டுச் சுலபமாகப் பிரியும். மறுநாள் கருங்கல் மேல் வைத்துக் குழவியால் ஒரு தட்டு தட்டினால் போதும், சதை வாய்பிளந்துவிடும். கொட்டையை எடுத்துவிட்டு, அதில் ஒட்டிய சதையைக் கத்தி நுனியால் வழித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ காயில் கால் பங்குக்கு மேல் கொட்டையாகவே போய்விடும், அதைப் பார்த்து மனம் கலங்க வேண்டாம்.

ஊறவைத்த சதையைச் சரியாகக் காயவைப்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது. வேலூர் வெயிலுக்கு ஒரே நாளில் மேலே காய்ந்து கடகடவென்று சத்தம் போடும், ஆனால் நடுவில் ஈரம் இருக்கும். அப்படியே அரைத்து டப்பாவில் போட்டால் பதினைந்து நாளில் கட்டிதட்டிப் புழுங்கல் வாடை வரும். மெல்லிய வெள்ளைத் துணியால் மூடி இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். ஒரு துண்டை எடுத்து ஒடித்தால் வளையாமல் படக்கென்று முறிய வேண்டும். கல்லுரலில் இடிக்கலாம், மிக்சியிலும் அரைக்கலாம். மிக்சியின் பிளேடு துருப்பிடிக்காத எஃகு, ஒரு நிமிடம் படுவதால் ஒன்றும் ஆகாது. மாவு மில்லில் கொடுக்க வேண்டாம். முன்னால் அரைத்தவருடைய மிளகாயும் மல்லியும் சேர்ந்து வரும். அரைத்ததை வேட்டித் துணியில் சலித்து எடுங்கள். துணியில் நின்ற திப்பியைக் கொப்பளிக்க வைத்துக்கொள்ளலாம்.

பொடி இளம்பழுப்பாக இருக்கும். கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூடி இறுக்கி, அடுப்பங்கரையை விட்டுத் தள்ளி வையுங்கள். ஈரக்கரண்டி படக் கூடாது. சூரணத்துக்கு ஆயுள் மூன்று மாதம் என்பது சித்த மருத்துவக் கணக்கு. ஆகவே ஒரு தடவைக்குக் கால் கிலோ காய்க்கு மேல் எடுக்காதீர்கள், மீதியைக் காயாகவே வைத்தால் சீக்கிரம் கெடாது.

அளவுக்கு மேசைக்கரண்டியைத் தொடாதீர்கள். கால் தேக்கரண்டியில் தொடங்குங்கள். மூன்று விரலால் அள்ளும் திரிகடி அளவு என்று பெரியவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுவே. ராத்திரிச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அரை டம்ளர் வெந்நீரில். மூன்று நாள் பார்த்து, போதவில்லை என்றால் அரைத் தேக்கரண்டி, அதன் மேல் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. அது 3 கிராம் அளவு வரும், உங்கள் அப்பாவுக்கு அதுவே எல்லை. தேனும் வெல்லமும் அனுபானமாக, அதாவது மருந்தைக் கலந்து கொடுக்கும் துணைப்பொருளாகச் சொல்லப்பட்டிருந்தாலும் சர்க்கரை உள்ளவருக்கு வெந்நீரே போதும். கடுக்காய் ரத்தச் சர்க்கரையையும் சற்றுக் குறைக்கக் கூடும் என்பதால் தொடங்கும் வாரத்தில் இரண்டு தடவை சர்க்கரை அளவு பாருங்கள். இரும்பு மாத்திரை காலையில், கடுக்காய் ராத்திரியில் என்று பிரித்துவிடுங்கள். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி எந்த மாத்திரைக்கும் வேண்டும். இரண்டு வாரம் கொடுத்து நிறுத்திப் பாருங்கள். ஒரு மண்டலம், இரண்டு மண்டலம் என்று கேள்விப்பட்டதை வைத்து இழுத்துக்கொண்டு போக வேண்டாம். அந்தக் கணக்கு உடல் திடமாக உள்ளவருக்கு, பத்தியத்தோடு சொன்னது.

வறுக்காத பொடியை வெந்நீரில் கொடுத்தால் இளக்கும், வறுத்தோ அவித்தோ கொடுத்தால் கட்டும். இது தெரியாமல் நெய்யில் வறுத்துக் கொடுத்துவிட்டு மலம் இளகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு.

கர்ப்பிணிகளுக்குக் கடுக்காய் கூடாது. பட்டினி கிடப்பவர், மெலிந்து துவண்டவர், காய்ச்சலில் நீர் வற்றியவர், இவர்களுக்கும் வேண்டாம். கைக்குழந்தைக்கு உரைமருந்தில் இழைத்து ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், உரைக்கல்லிலிருந்து கிருமி போவதே பேதிக்குப் போதும்.

பரிசோதனை முடியும்வரை மலச்சிக்கலுக்கு என்ன செய்வது? தண்ணீரைக் கூட்டுங்கள். வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, அவரை, பாதி கொய்யாக்காய், தோல் நீக்காத பயறு, இவை சர்க்கரைக்காரருக்கும் ஒத்துவரும். காலையில் வெந்நீர் குடித்த அரைமணி நேரத்தில், வந்தாலும் வராவிட்டாலும், பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரச் சொல்லுங்கள். இசப்கோல் ஒரு தேக்கரண்டி கொடுக்கலாம், ஆனால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, டாக்டரைக் கேட்டபின். தண்ணீர் குறைந்தால் அது குடலிலேயே களியாகி நின்றுவிடும்.

காலிலுள்ள புண்ணில் கடுக்காய்ப் பொடியைத் தூவவே கூடாது. அம்மா சொல்வதும் ஆதாரமில்லாத பேச்சு அல்ல, சாதாரணச் சிராய்ப்பை இது உலர்த்தும். ஆனால் உலர்த்துவது எப்படி? கசிகிற நீரின் புரதத்தைக் கட்டி மேலே ஒரு பொருக்கு ஆக்கிவிடுகிறது, டேனரியில் நடந்தது இங்கேயும். சர்க்கரைக்காரரின் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். மேலே பொருக்குக் கட்டி ஆறியதுபோல் தெரியும், அடியில் சீழ் எலும்பு வரை போகும். வலிக்காததால் அவரும் சொல்லமாட்டார். காய்ச்சி ஆறின நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, டாக்டரிடம் போகும்போது முதலில் காலைக் காட்டுங்கள். சுற்றிலும் சிவந்தோ வீங்கியோ இருந்தால் வாரக் கடைசிவரை காத்திருக்காமல் நாளைக்கே போங்கள். அதுவரை வீட்டுக்குள்ளும் செருப்புப் போடட்டும்.

கடுக்காயை அப்பாவுக்கு இப்போதே தாராளமாகத் தரக்கூடிய இடம் ஒன்று உண்டு, அது வாய். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் வடிவது அடிக்கடி நடப்பது. கொட்டை நீக்கிய கடுக்காய்த் திப்பியோ பொடியோ ஒரு தேக்கரண்டி எடுத்து, இரண்டு டம்ளர் தண்ணீரில், மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ போட்டுச் சிறுதீயில் ஒரு டம்ளராகச் சுண்டவைத்து வடிகட்டுங்கள். இளஞ்சூட்டில் ஒரு நிமிடம் வாயில் அடக்கித் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. காலை, ராத்திரி இருவேளை, ஐந்து நாள். தினமும் புதிதாகக் காய்ச்ச வேண்டும், நேற்றையது புளித்திருக்கும். பல்லில் லேசாகப் பழுப்புக் கறை படியலாம். பல் ஆடினாலோ சீழ் வந்தாலோ பல் மருத்துவர்தான்.

கடைசியாக உங்கள் கிணற்றோரம். மருந்துக்கென்று உலர்த்தி விற்ற காயை ஊன்றினால் முளைப்பது அபூர்வம். மாதக்கணக்கில் கிடந்திருக்கும், மேலே துவர்ப்புச் சதை, உள்ளே கல் போன்ற ஓடு. ஜவ்வாது மலையில் காய் பழுத்து உதிர்கிற தை முதல் பங்குனிக்குள் புதுப்பழம் கிடைத்தால் முயன்று பாருங்கள். நீங்களாகக் காப்புக்காட்டுக்குள் போய்ப் பொறுக்க வேண்டாம். அது அங்கே குடியிருக்கும் மலைவாழ் மக்களின் உரிமை, 2006இல் வந்த வன உரிமைச் சட்டமும் அதைச் சொல்கிறது. அவர்களிடமே விலை கொடுத்து வாங்குங்கள். பழத்தை நாலைந்து நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, சதை புளித்து இளகியதும் மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, கொட்டையை நிழலில் காயவையுங்கள். பிறகு அகன்ற முனையை அரத்தால் தேய்த்தோ கத்தரித்தோ, உள்பருப்பில் படாமல் லேசாகத் திறந்து, 36 மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் சமமாகக் கலந்த பையில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். பாதி நிழல் வேண்டும். முளை வர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், பாதிக்கு மேல் முளைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நர்சரியில் கன்று வாங்கினால் இலைக் காம்பைப் பாருங்கள். இலை தொடங்கும் இடத்தில் காம்பின் மேல் சின்னதாக இரண்டு சுரப்பிப் புடைப்பு இருக்கும், இலைகள் ஏறக்குறைய எதிரெதிராக நிற்கும். கிளை நுனியில் கொத்தாக இலை இருந்தால் அது தான்றிக் கன்றாக இருக்கலாம். ஒரு வருடக் கன்றை ஆடி, ஆவணி மழையில் ஒன்றரை அடிக் குழியில் நடுங்கள், ஐப்பசி மழையும் அதற்குக் கிடைத்துவிடும். இருபது இருபத்தைந்து மீட்டர் உயரம் வரை வளரக்கூடிய மரம் என்பதால் கிணற்றுச் சுவரை ஒட்டி வேண்டாம், இருபத்தைந்து அடியாவது தள்ளிப் போங்கள். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு தடவை தண்ணீர், ஆடு மேயாமல் முள்வேலி.